அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளும் கட்டுப்பாட்டுக் கருவிப் பொறியாளரும் – ஒரு வரலாற்று நோக்கு

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே நிலத்தின் இரு கூறுகள். 1995-ஆம் ஆண்டு வரை இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதினின்று அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007 நவம்பர் 23-ஆம் நாள் மறுபடியும் தனியாயிற்று. ஆட்சி எல்லைகள் இங்ஙனம் மாறி மாறி வந்த போதிலும் மாறாதிருப்பது ஒன்றுண்டு. அது நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல். அக்கல்லை நாடியே ஆலைகள் வந்தன. ஆலைகளை நாடி ஊர்கள் திரும்பின.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் அவ்வாலைகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம், அவற்றின் உரிமையாளரைப் பற்றியோ அவை ஈட்டிய பொருளைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒவ்வோர் ஆலையினுள்ளும் குளிரூட்டப்பட்ட ஓர் அறை இருக்கிறது. அதனைக் கட்டுப்பாட்டு அறை என்பர். அவ்வறைக்குத் தேவையான அறிவுடையோர் கிடைக்கவில்லை என்று ஆலையார் குறை கூறுகின்றனர். அவ்வாலையின் புகைபோக்கி தெரியும் தொலைவில், பொறியியற் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் வேலையின்றி இருக்கின்றனர். இவ்விரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் உண்மையாக இருப்பது எங்ஙனம்? இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

பல கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலம் கடலடியாக இருந்தது என்பதை இளைஞர் பலரும் அறிவர். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் கடல்வாழ் உயிர்களின் கல்லுருவங்கள் இன்றும் கிடைக்கின்றன. சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் கிடக்கிறது. 1862-இல் பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயப் புவியியலறிஞர் இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். உலகப் புவியியல் நூல்களில் அரியலூரின் பெயர் அன்றே ஏறிவிட்டது. எனினும் அக்கல் சிமெண்டாக மாற முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1939-இல் அரியலூருக்கு அண்மையில், திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில், டால்மியா சிமெண்டு ஆலை எழுந்தது. ஊரின் பெயரும் டால்மியாபுரம் ஆயிற்று. அப்பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலை 15-இல் நடந்த போராட்டமும், கலைஞர் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததும் தமிழக அரசியல் வரலாற்றில் இடம் பெற்றவை. ஊர்ப்பெயர் பற்றி இவ்வளவு எழுதிய வரலாற்றாசிரியர்கள், அவ்வாலையில் கல்லுடைத்தவரும் மூட்டை சுமந்தவரும் யாவர் என்பதைப் பெரிதும் எழுதாது விட்டனர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

அடுத்து வந்தது அரசு ஆலை. 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அமைக்கப்பட்டது. 1979-இல் அதன் அரியலூர் ஆலை, ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டன் திறனுடன், இயங்கத் தொடங்கிற்று. நம் மக்களுக்கு இவ்வாலையின் சிறப்பு அதன் டன் கணக்கில் இல்லை. அரசு நிறுவனமாதலின் இட ஒதுக்கீடு அதற்குப் பொருந்தும். 1971-இல் தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய ஒதுக்கீடு 16-இலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டிருந்தது. திருச்சியில் 1960-களில் எழுந்த பெல் கொதிகலன் ஆலையிலும் இத்தகைய வழி உண்டு. இவ்வழியில் நுழைந்தோரின் பிள்ளைகளே நம் பகுதியில் முதன்முதலில் மேற்படிப்புக்குச் சென்றவருள் பலர்.

1990-களிலும் அதன் பின்னரும் வந்த ஆலைகளோ தனியாருடையவை. ஆலத்தியூரில் மதராஸ் சிமெண்ட்ஸ், அஃதாவது இன்றைய ராம்கோ, 1997-இல் ஓர் ஆலையைத் தொடங்கிற்று. தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் வந்தது. ரெட்டிபாளையத்தில் கிராசிம் நிறுவனம் வந்து, 2010-இல் அல்ட்ராடெக்கோடு இணைந்தது. 2009-ஐ ஒட்டிய காலத்தில் கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் ஆகிய இடங்களிலும் பெரும் ஆலைகள் எழுந்தன. பெரம்பலூர்ப் பக்கம் எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை 1970-களின் இறுதியிலேயே வந்துவிட்டது, நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை பின்னர் வந்தது. எறையூரில் 2022 நவம்பரிலும், ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரிலும் காலணித் தொழிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலம் கொடுத்தும் ஆலை வாராத ஊர்களும் இங்கு உண்டு. ஜெயங்கொண்டம் நிலக்கரி மின் திட்டத்துக்காக நிலத்தை இழந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊர்களின் கதை தனியே எழுதத் தக்கது.

இனிக் கட்டுப்பாடு என்னும் கலைக்கு வருவோம்.

கட்டுப்பாடு என்பது மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுமை என்று எண்ணுவோர் ஏரிக்கரையில் நின்று பார்த்தல் வேண்டும். இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே வெட்டுவித்த சோழகங்கம், இன்றைய பொன்னேரி, அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏரி என்பது கரை மட்டுமன்று. மடையும், மடையைத் திறந்து மூடுவோனும் சேர்ந்ததே ஏரி. தமிழகத்தின் பல வட்டாரங்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணிக்கம் எனப் பல பெயர்களால் வழங்கிய அப்பணி பெரும்பாலும் நம் மக்களிடமே இருந்தது. ஏரியில் எத்துணை நீர் நிற்கிறது, கடைமடை வயலுக்கு நீர் சேர எத்துணை நாழிகை ஆகும், மேல்மழை வருமா, மடையை எவ்வளவு திறந்தால் கரை தாங்கும் என்பனவற்றை நொடியில் கணித்து, கணித்தவாறு செய்து, செய்ததன் விளைவைக் கண்டு மீண்டும் திருத்தியவர் அவர். வெள்ளக் காலத்து நள்ளிரவில் நீருள் மூழ்கி மடையடைப்பைத் திறந்தவரும் அவரே. நிலமில்லாதவராதலின் ஒருவர் வயலுக்கு ஒருதலையாக நீர் விடார் என்னும் நம்பிக்கையும் அப்பணி அவரிடம் இருந்ததற்கு ஒரு காரணம். களத்து மேட்டில் சில மரக்கால் நெல் அவர் பெற்ற கூலி. ஊரின் நீரனைத்தும் அவர் கையில் இருந்தது. ஊர்க்கிணற்று நீர் மட்டும் அவருக்கு இல்லை.

இன்று கட்டுப்பாட்டுப் பொறியியல் நூல்களின் முதல் அத்தியாயம் கற்பிப்பதும் இதனையே: அள, வேண்டிய அளவோடு ஒப்பிடு, வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்து, மீண்டும் அள. ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவி எந்திரத்தின் வேகத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் சுழல்குண்டு அமைப்பைப் பொருத்தினார். 1868-இல் மாக்ஸ்வெல் அதன் கணக்கை எழுதினார். 1922-இல் மினோர்ஸ்கி என்பவர், கப்பல் திருப்பும் மாலுமிகள் சுக்கானை எங்ஙனம் கையாளுகின்றனர் என்று கூர்ந்து நோக்கி, அதினின்று ஒரு விதியை வடித்தார். இப்போதுள்ள விலகல், இதுவரை சேர்ந்த விலகல், இனி வரவிருக்கும் விலகல் ஆகிய மூன்றையும் கணக்கிட்டுத் திருத்தம் செய்யும் அவ்விதியே இன்று உலகின் ஆலைகள் யாவற்றிலும் பி.ஐ.டி. என்னும் பெயரில் இயங்குகிறது. மாலுமியின் கையிலிருந்த அறிவு நூலறிவாயிற்று. நம் நீர்க்கட்டியின் கையிலிருந்த அறிவை அங்ஙனம் எழுதி வைப்பாரில்லை.

சிமெண்டுச் சூளையின் கதையும் இத்தகையதே. சுண்ணாம்புக்கல்லையும் களிமண் முதலியவற்றையும் பொடித்துக் கலந்து, சாய்வாகப் படுத்துக் கிடக்கும் நெடிய உருளைச் சூளையினுள் செலுத்துவர். சூளை மெல்லச் சுழலும். உள்ளே பொருள் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டும்போது கிளிங்கர் என்னும் உருண்டைகளாக மாறும். வெப்பம் குறைந்தால் சுண்ணாம்பு வேகாது நின்று சிமெண்டு கெடும். மிகுந்தால் சூளையின் உட்செங்கல் உருகும், நிலக்கரியும் வீணாகும். முற்காலத்தில் இவ்வெப்பத்தைக் காத்தவர் 'பர்னர்' எனப்பட்ட சூளைக்காரர். நீலக் கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துச் சூளை வாயினுள் நோக்குவார். சுடரின் நிறம், பொருள் சுவரில் ஏறி விழும் உயரம், மோட்டார் இழுக்கும் மின்னளவு, வெளிவரும் கிளிங்கரின் உருவம் ஆகியவற்றைக் கண்டு கரியைக் கூட்டுவார், காற்றைக் குறைப்பார், சூளையின் வேகத்தை மாற்றுவார். ஒருவர் தேற ஆண்டுகள் பல வேண்டும். அவர் விடுப்பில் சென்றால் மேலாளருக்கு உறக்கம் வாராது என்பர்.

இச்சூளைக்காரரின் கண்ணை எந்திரத்துக்குக் கொடுக்க மேனாட்டார் முயன்று நெடுங்காலம் தோற்றனர். சூளையின் இயல்பு எந்தச் சமன்பாட்டுக்கும் எளிதில் அடங்கவில்லை. 1965-இல் சாதே என்னும் கணித அறிஞர், 'சற்று மிகுதி', 'ஓரளவு குறைவு' என்று மனிதர் பேசும் தெளிவற்ற சொற்களையும் கணக்கில் அடக்கும் முறையொன்றைக் கண்டார். 1974-இல் இலண்டனில் மம்தானி அதனைக் கொண்டு ஒரு நீராவி எந்திரத்தை இயக்கிக் காட்டினார். டென்மார்க்கு நாட்டின் எஃப்.எல். சுமித் நிறுவனம் இம்முறையைச் சிமெண்டுச் சூளைக்குப் பொருத்தி, 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்கும் கொண்டு வந்தது. உலகத் தொழில்துறையில் இம்முறை நிலைபெற்ற முதல் இடங்களுள் ஒன்று சிமெண்டுச் சூளை என்பது வியப்புக்குரியது. அவ்வெந்திரத்தினுள் எழுதப்பட்ட விதிகள் யாவை? 'வெப்பம் சற்று மிகுந்து, உயிர்வளி ஓரளவு குறைந்திருந்தால் கரியைச் சிறிது குறை' என்றாற் போன்றவை. அவை சூளைக்காரர் தம் உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடுகளே. அழுக்குச் சட்டையோடு சூளை வாயில் நின்றவரின் அறிவு, கோப்பாகிக் கணிப்பொறிக்குள் சென்று அமர்ந்தது.

அமர்ந்த பின் சூளைக்காரரின் பணி குறைந்தது. வேறொரு பணி பிறந்தது. அதனைச் செய்வோரே கட்டுப்பாட்டுக் கருவிப் பொறியாளர். ஆலைக்குள் இவரைச் சுருக்கமாக 'இன்ஸ்ட்ருமென்ட்காரர்' என்பர். முதலில் சுவர் முழுதும் ரிலேக்களும் அளவைமானிகளும் பதித்த பேனல் போர்டு இருந்தது. ஒரு மோட்டாரின் இயங்கு முறையை மாற்ற வேண்டுமாயின் கம்பிகளை அவிழ்த்து மீண்டும் கட்ட வேண்டும். அமெரிக்க மோட்டார் வண்டி ஆலைகளில் இத்தொல்லை பொறுக்க முடியாததாகவே, 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதற்கு மாற்றுக் கேட்டது. மார்லியும் அவர்தம் குழுவினரும் மோடிகான் 084 என்னும் பெட்டியைச் செய்து தந்தனர். கம்பியை மாற்றாது எழுத்தை மட்டும் மாற்றி எந்திரத்தை ஆளும் அப்பெட்டியின் வழித்தோன்றல்தான் இன்றைய பி.எல்.சி. 1975-இல் ஹனிவெல், யோகோகாவா ஆகிய இரு நிறுவனங்களும் ஆலை முழுவதையும் ஒருங்கே ஆளும் டி.சி.எஸ். அமைப்பைக் கொணர்ந்தன. 1990-களில் நம் பகுதியில் எழுந்த ஆலைகள் பிறக்கும்போதே இவற்றோடு பிறந்தவை.

இப்பணியாளர் செய்வது யாதெனச் சிறிது விளக்குதல் நலம். பிளஸ் டூ படிக்கும் மாணவர்க்கும் விளங்கும் ஓர் எடுத்துக்காட்டு இதோ. ஆலையின் ஒரு கோடியிலுள்ள வெப்பமானி தன் அளவைக் கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது. மிகக் குறைந்த அளவுக்கு 4 மில்லி ஆம்பியர், மிக உயர்ந்த அளவுக்கு 20 மில்லி ஆம்பியர். குறைந்த அளவுக்குச் சுழியம் என வைத்தால் எளிதன்றோ என மாணவர் கேட்பர். அங்ஙனம் வைத்தால், கம்பி அறுந்து மின்னோட்டம் நின்றதா, அன்றி அளவே சுழியமா என்று அறிய வழியில்லை. 4-இல் தொடங்குவதால், சுழியம் வந்த உடனே கம்பியில் பழுது என்று அறியலாம். இத்துணைச் சிறு செய்தியில் இத்துணை முன்யோசனை இருக்கிறது. இத்தகைய கம்பிகள் ஒரு சிமெண்டு ஆலையில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. எடைப்பட்டை சரியாக நிறுக்கிறதா, சூளையின் உடற்சுவர் எங்கேனும் சிவக்கிறதா, புகையில் கார்பன் மோனாக்சைடு ஏறுகிறதா, ஏறினால் தூசிபிடிப்பான் வெடிக்குமுன் மின்சாரம் தானே அறுகிறதா, ஒரு மோட்டார் நின்றால் அதன் பின்னுள்ளவை எந்த ஒழுங்கில் நிற்க வேண்டும் என்பன யாவும் இவர்தம் பொறுப்பு. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிமெண்டு உள்ளிட்ட பதினேழு வகைத் தொழில்களின் கழிவையும் புகையையும் இடையறாது அளந்து நேரடியாக அனுப்பப் பணித்தது. அதன் பின் இத்தகையோரின் தேவை மேலும் பெருகிற்று. ஆலையைச் சூழ்ந்த நம் தெருக்களில் படியும் தூசி எவ்வளவு என்பதை அளக்கும் கருவியும் இவர் கையில்தான் இருக்கிறது என்பதை மறத்தல் கூடாது.

இக்கல்வி தமிழகத்துக்குப் புதியதன்று. 1949-இல் சி. இராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் நான்கு துறைகளுள் கருவிநுட்பவியலும் ஒன்று. நாட்டின் பிற பகுதிகளில் அச்சொல்லே வழக்கில் இல்லாத காலம் அது. திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1993-இல் கருவி, கட்டுப்பாட்டுத் துறை வந்தது. பின்னர்த் தனியார் கல்லூரிகள் பெருகிப் பெருகி மாநிலத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் ஆயின. முதல் தலைமுறைப் பட்டதாரிகட்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ஐ ஒட்டி வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அவ்வழிச் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி வாயில் திறந்ததென்னவோ உண்மை. வாயிலைக் கடந்த பின் உள்ளே கிடைப்பது யாது என்பதே வினா.

நம் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்லுதும். கல் உடைக்கும் தொழிலாளியின் மகன். மின்னியல், மின்னணுவியலில் பட்டம் பெற்றார். எல்லாத் தேர்விலும் முதல் வகுப்பு. ஆலையொன்றின் நேர்முகத் தேர்வில், 'கட்டுப்பாட்டு அறைத் திரையில் சுழியத்துக்கும் கீழே அளவு காட்டுகிறது. முதலில் எதைப் பார்ப்பாய்?' என்று கேட்டனர். அவர் பயின்ற கல்லூரியில் அக்கருவி கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது, எவரும் தொட்டதில்லை. விடை வாராது திரும்பினார். அதன் பின் சென்னை அம்பத்தூரில் பேனல் கட்டும் சிறு பட்டறையொன்றில் மிகச் சொற்ப ஊதியத்துக்குச் சேர்ந்தார். கம்பியை நறுக்கி, எண் பொறித்த உறை மாட்டி, வரைபடம் பார்த்து இணைத்து, ஈராண்டில் பி.எல்.சி.க்கு நிரல் எழுதவும் கற்றார். இன்று அவர் குஜராத்தில் பணியாற்றுகிறார். அரியலூரில் சூளை இருக்க, அரியலூர்ப் பிள்ளை குஜராத்தில் சூளை காக்கிறார்.

ஆலையார் தரப்பில் சொல்லப்படுவனவற்றுள் உண்மை இல்லாமலில்லை. சீமென்ஸ், ராக்வெல், ஏ.பி.பி., ஷ்னைடர் என ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டிக்கும் வேறு வேறு மென்பொருள். ஒன்றைக் கற்றவர் மற்றதைத் தொட அஞ்சுவர். மின்சாரம், இயந்திரம், வேதியியல், கணிப்பொறி வலைப்பின்னல் ஆகிய நான்கிலும் ஓரளவேனும் கால் பதித்தவரே இப்பணிக்கு ஏற்றவர்; கல்லூரியோ இவற்றை நான்கு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. தேறியவரும் நில்லார். வளைகுடா நாட்டு எண்ணெய் ஆலைகளும் சென்னை, ஒசூர்த் தொழிற்சாலைகளும் அவரை அழைத்துக்கொள்கின்றன. தூசியும் மூன்று முறைப்பணியும் உடைய சிற்றூர் ஆலையில் இருக்க எவர்க்கு மனம் வரும் என்று கேட்கின்றனர். அவ்வூரிலேயே பிறந்து அத்தூசியிலேயே வளர்ந்தோர்க்கு மனம் வரும் என்பது நம் விடை. அவரைத் தேடி எவரும் வருவதில்லை என்பதே குறை.

தேடும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம் தனியார் ஆலைகளும் காலியிடங்களை அறிவிக்க வேண்டும் என்றது. அலுவலகம் அனுப்பியவரையே எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆலைக் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் தேவைப்படும்போது, உள்ளே இருப்பவர் தம் நண்பரிடம் கேட்கிறார். நண்பர் தம் உறவினரைச் சொல்கிறார். இங்ஙனம் வாய்வழி நிரம்பும் இடத்தில், உள்ளே ஒருவரும் இல்லாத தெருவுக்குச் செய்தியே வருவதில்லை. வந்தாலும், 'மூன்றாண்டு முன்னனுபவம் வேண்டும்' என்பர். முதல் அனுபவத்தைத் தருவார் யார்? நேர்முகத்தில் ஊர் எது என்று கேட்டபின் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பாரும் உண்டு. தனியார் துறையில் ஒதுக்கீடு இல்லை. ஆகவே மண்வெட்டிக்கும் மூட்டைக்கும் நம்மவர் ஒப்பந்தக்காரர் மூலம் எளிதில் எடுக்கப்படுகின்றனர். திரைக்கு முன் அமரும் நாற்காலிக்கு மட்டும் தகுதியுடையோர் கிடைக்கவில்லை என்கின்றனர்.

அண்ணல் அம்பேத்கர் இதனை முன்னரே கண்டார். 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 29-இல் ஆளுநர் நாயகத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்த அவ்விண்ணப்பத்தில், கலையும் சட்டமும் பயில்வதால் நம் மக்களுக்கு விளையும் பயன் சிறிதே என்றும், உயர்தர அறிவியல் தொழில்நுட்பக் கல்வியே வேண்டுவது என்றும், அத்தகைய கல்வி அரசுதவி இன்றி எட்டாது என்றும் வாதிட்டார். சட்டமும் பொருளியலும் கற்று உலகப் புகழ் எய்திய ஒருவர் இதனைச் சொன்னார் என்பது எண்ணத் தக்கது. அத்தோடு நில்லாது, அரசு அச்சகங்களிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் நம் இளைஞரைத் தொழிற்பழகுநராக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். கல்லூரிக் கல்வியும் பட்டறைப் பழக்கமும் இரண்டும் வேண்டும் என்பதே அவர் கருத்து. மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. நம்முள் பலர் அதனால் படித்தோம். பட்டறைப் பழக்கம் பற்றிய பாதியை நாம் பெரிதும் கவனியாது விட்டோம்.

அப்பாதிக்கும் சட்டம் உண்டு. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-இல் 3-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பழகுநர் இடங்களை ஒதுக்க வேண்டும் என்பது அப்பிரிவு. இச்சட்டம் தனியார் ஆலைகளுக்கும் பொருந்தும். வேலையில் ஒதுக்கீடு இல்லாத தனியார் ஆலையினுள் பழகுவதற்கு ஒதுக்கீடு உண்டு என்பதை நம் இளைஞருள் எத்துணைப் பேர் அறிவர்? 2019-இல் திருத்திய விதிகளின்படி முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை எடுத்தாக வேண்டும். ஒதுக்கிய இடத்துக்கு நம்மவர் வாராவிடில் அது பிறர்க்குச் செல்லும். பழகிய பின் அவ்வாலையே வேலை தர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லைதான். ஆயினும் முன்னனுபவம் கேட்கும் வாயிலுக்கு முன் காட்டுவதற்கு ஓராண்டுச் சான்று கையில் இருக்கும். உள்ளே நால்வர் முகம் தெரிந்திருக்கும். 4 மில்லி ஆம்பியரைக் கையால் தொட்டிருப்பார்.

கணக்கில் நம் பிள்ளைகள் பின்தங்கியவர் என்று எவரேனும் சொன்னால், நாம் குழுமூர் அனிதாவின் பெயரைச் சொல்வோம். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்றார். பொறியியற் சேர்க்கைக்குரிய அவர் மதிப்பெண் 200-க்கு 199.75. அவர் விரும்பியது மருத்துவம். அக்கதவு மூடப்பட்டதும், அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நாம் அவரை இழந்ததும் நாடறியும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய மதி நம் தெருக்களில் இன்னும் பல வீடுகளில், பெண் பிள்ளைகளிடத்தும், இருக்கிறது. பாரம் தூக்கும் வேலையன்று இது; நுண்ணிய கையும் கூரிய கண்ணும் வேண்டுவது. பெண்கள் வாரார் என்று ஆலையார் எண்ணுதற்கு நியாயமில்லை.

ஐ.டி.ஐ.யை இளக்காரமாக எண்ணும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அது தீது. இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், எலக்ட்ரானிக் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகளைப் படித்து ஆலையில் நுழைந்து, பகுதிநேரமாகப் பட்டயமும் பட்டமும் பெற்றோர் உளர். 2022-இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக்க 2877 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. தானியங்கிக் கட்டுப்பாடும் எந்திரக் கையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அயலூர்த் தனியார் பயிற்சி நிலையங்களில் பெருந்தொகை கட்டுமுன் அரசு நிலையத்தின் வாயிலை எட்டிப் பார்த்தல் நலம்.

நம் கழகத்தின் நூலகத்துப் பின்னறை இப்போது பழைய நாற்காலிகள் போட்டு வைக்கப் பயன்படுகிறது. இரண்டு பீப்பாய், ஒரு சிறு மோட்டார் பம்பு, ஒரு நீர்மட்ட அளவி, ஒரு கட்டுப்பாட்டு வால்வு, பழைய பி.எல்.சி. பெட்டி ஒன்று, ஒரு கணிப்பொறி: இவ்வளவு இருந்தால் ஒரு பீப்பாயில் நீர்மட்டத்தை வேண்டிய அளவில் நிறுத்திக் காட்டப் பிள்ளைகட்குக் கற்பிக்கலாம். நம் பாட்டனார் ஏரியில் செய்ததைப் பீப்பாயில் செய்வது அது. ஆலைகள் புதுப்பிக்கும்போது கழிக்கும் பெட்டிகள் பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்கு வருகின்றன. ஆலைப்பணி முடித்து ஓய்வு பெற்ற நம்மவர் இருவர் ஞாயிறுதோறும் காலையில் வந்து கற்பிக்க இசைந்துள்ளனர். பிளஸ் டூவிலும் ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் பயில்வோர், பழகுநர் பதிவுக்கு வேண்டிய சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் படிகளோடு செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பதிவை இணையத்தில் செய்து தருவதற்குக் கழக அலுவலகத்தில் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை ஆள் இருக்கும்.